பெரிய வெள்ளியன்று மூச்சுவிட்ட ஆர்மோனியம்

கொழும்புத் துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு நான்தான் காரணம் என்று எட்டு வயதில் உறுதியாக நம்பினேன். அன்று பொழுதுசாயும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய குற்றமா அது?

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில்தான் மாமா, அம்மாவின் தம்பி, இருந்தார். துறைமுகக் கந்தோரில் கணக்கு எழுதும் கிளாக்கர். கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். பெரிய வியாழன் பூசையில் குளோரியா கீதம் பாடி முடிந்ததும் எங்கள் கோயிலில் மணியும் ஆர்மோனியமும் ஊமையாகிவிடும். சனிக்கிழமை குளோரியா வரைக்கும் மணிக்குப் பதில் மரக்கட்டைதான், கடகடவென்று. சும்மா கிடக்கிற நாளில் தூசு தட்டலாமென்று மாமா பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மா அதன்மேல் ஊதாத் துணி போர்த்துவார்.

மாமாவுக்கு வாய் சும்மா இராது. மத்தளம் மரத்தில் இழுத்துக் கட்டிய தோல், சிலுவையில் ஆண்டவருடைய உடம்பும் அப்படித்தான் என்பார். ஆர்மோனியத்தின் துருத்தி மனுஷனுடைய நெஞ்சு; உள்ளே போகிற காற்று கடவுள் ஊதிய உயிர். ஆண்டவர் கல்லறையில் கிடக்கையில் இதுவும் செத்துக் கிடக்க வேண்டும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் கை துணிக்குக் கிட்டப் போவதைக் கண்டுவிட்டார்.

"இப்ப இதை மூச்சுவிட வச்சியோ பிள்ளை, உலகமுடிவு எக்காளம் பதில் ஊதும்."

பெரிய வெள்ளி மத்தியானம் மாமாவின் கூட்டாளி வந்தார். ஜிந்துப்பிட்டிக்காரர், முருக பக்தர், அதே கந்தோர். உயிர்த்த ஞாயிறு காலையில் மாமாவுக்குத் துறைமுகத்தில் டியூட்டி விழுந்திருந்தது. யுத்தகாலம், கேட்டாலும் லீவு கிடைக்காது. ஆர்மோனியம் இல்லாமல் ஒரு பெருநாள் பூசையா என்று வீடே முகத்தைத் தொங்கப்போட்டிருந்தது.

"உன்ர பெருநாள், நீ போய் வாசி மச்சான். டியூட்டிக்கு நான் நிக்கிறன்," என்றார் அவர். "ஆடிவேல் திருவிழாவுக்கு நீ எனக்கு நில்லு."

மாமா அவரை வாசல்வரை கொண்டுபோய்விட்ட நேரம், நான் துணியைத் தூக்கித் துருத்தியை ஒருதரம் அமுக்கி, ஒரேயொரு வெள்ளைக் கட்டையைத் தொட்டேன். நோயாளி முனகுவதுபோல் ஒரு சத்தம். ஒருவருக்கும் கேட்கவில்லை. சனிக்கிழமை கோயில் மணிகள் மறுபடி அடித்தபோது, தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை, கோயிலில் மாமா வாசித்துக்கொண்டிருக்கையில் பதில் வந்தது. முதலில் அபாயச் சங்கின் நீண்ட ஊளை. பிறகு தரை குலுங்கி, ஜன்னல் கண்ணாடி எங்கள் தலையில் கொட்டியது. சுவாமியார் எல்லோரையும் படுக்கச் சொன்னார். ஒரு கட்டைதானே தொட்டேன், ஒரு கட்டைதானே என்று அம்மாவின் சேலைக்குள் ஆண்டவரோடு வழக்காடிக்கொண்டிருந்தேன்.

துறைமுகப் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது. அந்தப் பக்கம் ஓடிப்போன மாமா பொழுதுசாயத் திரும்பி வந்து, கூட்டாளி இல்லையென்று அம்மாவிடம் ஒரு சொல்லில் சொன்னார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. அழுதழுது எல்லாவற்றையும் கொட்டினேன். மற்ற நாளென்றால் கூரை பறக்கச் சிரிக்கிற மனிதர்.

"நீ இல்லைப் பிள்ளை," என்றார். "வாசிச்சது நான்."

மறுநாளே ஆர்மோனியத்தைப் பூட்டிச் சாவியைச் சுவாமியாரிடம் கொடுத்துவிட்டார். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார், தண்டனையையும் தானே வாங்கிக்கொண்டார் என்று நான் எண்ணினேன்.

ஆடிவேல் வந்தது. வருஷாவருஷம் வேல் தேர் பார்க்க என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறவர் மாமாதான். அன்று அவருக்கு லீவு. விடியவே சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் புறப்பட்டார். லீவு நாளில் எங்கே என்று அம்மாவும் கேட்கவில்லை. சோற்றைக் கட்டிக் கொடுத்தார். என்மேல் மாமாவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.