வண்டு விழுந்த தோப்பு

காஜிமார் தெருவில் பூட்டுக் கடை வைத்திருக்கும் ஆரிப்பின் மகள் ஷிபா என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், அவள் அம்மா ஜஸீலா பெருமூச்சு விட்டுவிட்டு, "வண்டு பாக்குறா" என்பார். கேட்டவர்கள் மேற்கொண்டு வாயைத் திறக்க மாட்டார்கள். கல்யாண வயதில் ஒரு பெண் முருங்கைத் தோப்பில் உட்கார்ந்து வண்டு பார்க்கிறாள் என்றால் அதற்கு மேல் விசாரிக்க என்ன இருக்கிறது!

ஜஸீலா சொன்னதில் பொய்யும் இல்லை. முருங்கைப் பூவுக்கு எந்தப் பூச்சி வருகிறது, பூச்சி வந்த பூ காயாகிறதா என்பதுதான் ஷிபாவின் ஆராய்ச்சி. சில கொத்துகளுக்கு வலைப்பை கட்டுவாள். சிலவற்றைத் திறந்தே விடுவாள். பை கட்டிய கொத்து பெரும்பாலும் உதிர்ந்துபோகும். கன்னங்கரேலென்று இரைந்துகொண்டு வரும் கருவண்டு உட்கார்ந்த கொத்தில் காய் இறங்கும். இதைப் பார்க்க ஆரப்பாளையத்தில் முதல் பஸ் பிடித்து உசிலம்பட்டி போய், அங்கிருந்து டவுன் பஸ் ஏறி, இறங்கி, ஓடை தாண்டி நடக்க வேண்டும். நோன்பு மாதத்திலும் போனாள். பிடிவாதக்காரி.

தோப்பு அன்னக்கொடியுடையது. மானாவாரி நிலத்தில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து அவள் வளர்த்த மரங்கள். புருஷன் கருத்தக்கண்ணனுக்கு அதில் இஷ்டமே கிடையாது. காய்ப்பும் போன வருஷம் சரியில்லை. "இந்தப் பூப்புல காய் இறங்கலைன்னா வெட்டிப்புட்டுச் சோளம் போடுவோம், மாட்டுக்காவது ஆகும்" என்று பொங்கல் கழிந்ததும் சொல்லிவிட்டார். அன்னக்கொடியும் சரியென்றுவிட்டாள்.

மாசியில் மரம் கொள்ளாமல் பூத்தது. கருவண்டும் கூட்டமாக வந்தது. ஷிபாவுக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பும் பஸ்ஸிலிருந்தே அன்னக்கொடியின் போனுக்குப் பேசி அனுப்பினாள்.

"அக்கா, தோப்பு முழுக்க வண்டு விழுந்திருக்கு! இம்புட்டு வண்டு நான் பாத்ததே இல்ல!"

அன்னக்கொடி அன்று வண்டியூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். போன் வீட்டில் கிடந்தது. எடுத்துக் கேட்டவர் கருத்தக்கண்ணன்.

பள்ளிக்கூடத் தமிழில் வண்டு தேன் குடிக்க வரும். விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் வண்டு விழும். அரிசியில் விழும், பயறில் விழும், கத்தரியில் விழும். விழுந்தால் அந்த வெள்ளாமை போச்சு. ஷிபா வீட்டு அரிசிப் பானையிலும் விழத்தான் செய்யும். அவளுக்குத் தெரியாத சொல் இல்லை. சந்தோஷத்தில் யார்தான் யோசித்துப் பேசுகிறார்கள்?

மரமே வேண்டாம் என்ற மனுஷன், பெண்டாட்டி இல்லாத நேரத்தில் அவள் மரம் போய்விடக் கூடாதே என்று பதறிப்போனார். பக்கத்துக் காட்டு முத்துப்பாண்டியிடம் ஸ்பிரேயரை இரவல் வாங்கி, பொழுது சாய்வதற்குள் ஒரு மரம் விடாமல் மருந்தடித்தார். முகத்தில் ஒரு துண்டு கட்டியதோடு சரி.

மறுநாள் ஷிபா போனபோது தோப்பில் இரைச்சல் இல்லை. மரத்தடியெல்லாம் கருவண்டுகள் மல்லாந்து கிடந்தன. சில இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தன.

"ஒண்ணையும் விடல பாப்பா. நல்ல வேளை, நீ சொன்ன" என்றார் கருத்தக்கண்ணன். அந்த நிம்மதியான முகத்தைப் பார்த்ததும் ஷிபா வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துவிட்டு, அந்த வண்டு வந்தால்தான் காய் பிடிக்கும் என்பதைச் சொன்னாள்.

"விழுந்திருக்குன்னுதான பாப்பா சொன்ன?"

"வந்திருக்குன்னு சொல்லியிருக்கணும்ணே. தப்பு என்மேலதான்."

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்னக்கொடி ஊர் திரும்பியதும் அவளும் ஷிபாவும் ஏணி போட்டு, சின்னத் தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்தார்கள். கை எட்டிய கிளையில் நாலு காய் இறங்கியது. மற்றதெல்லாம் உதிர்ந்து தரை வெளுத்துப்போனது. ஷிபாவின் பேராசிரியர், வண்டில்லாத தோப்புக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது, ஆய்வில் சேர்த்துவிடு என்றார். அவர் சொன்னது சரிதான். ஷிபாவுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

சித்திரையில் அன்னக்கொடி கூப்பிட்டாள். "வெட்டப் போறோம். வந்து உன் பையெல்லாம் அவுத்துக்க."

ஷிபா போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேர் இழுக்கிற ரம்பம் மரத்தடியில் கிடந்தது. கருத்தக்கண்ணன் அதைத் தொடவில்லை.

"நிக்கட்டும் அன்னக்கொடி. நான் இனிமே ஒண்ணும் சொல்லல."

"அடுத்த பூப்பு வரைக்கும் மாடு எதைத் திங்கும்?" என்ற அன்னக்கொடி ஷிபாவிடம் திரும்பினாள். "அந்த வண்டு மறுபடி வர எம்புட்டு நாளாகும் தாயி?"

வந்துவிடும் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் மரம் நின்றிருக்கும். அது ஷிபாவுக்கும் தெரிந்தது.

"தெரியலக்கா. வராமலும் போகலாம்."

கருத்தக்கண்ணன் விறுவிறுவென்று ஓடைப்பக்கம் போய்விட்டார். அன்னக்கொடி ரம்பத்தின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"உம்மேல கோவம் இல்லைன்னு சொன்னா பொய். இருக்கு" என்றாள். "அந்தப் பக்கம் பிடி."

ஷிபா பிடித்தாள்.