ஊதா மை

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நூலகத்தில் அந்த உதவியாளரைப் பார்த்தேன். பனைமரம் மாதிரி உயரம், சட்டைப் பையில் போகாத ஊதா மைக் கறை. மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் தேதி முத்திரையோடு அலமாரிகளுக்கு நடுவே போய்விடுவார். டக் டக்கென்று சத்தம் கேட்கும். என்னவென்று நான் கேட்கவில்லை. ஆராய்ச்சியில் மும்முரமாக இருந்தேன்.

இரவல் போன புத்தகங்களின் கடைசித் தாளில் விழும் தேதி முத்திரைகளை எண்ணி, இந்த வட்டாரத்தில் ஜெர்மன் இலக்கணத்துக்கு ஏக கிராக்கி என்று நிரூபித்தேன். சிறந்த நூலகச் சேவை ஆய்வு என்று விருதே கொடுத்துவிட்டார்கள்.

ஆய்வின் பிரதி ஒன்றை நூலகத்துக்குக் கொடுக்கப் போனபோது மனிதர் நெளிந்தார்.

"அதெல்லாம் நான் குத்துனது வே. யாரும் எடுக்காத புத்தகத்தக் கழிச்சுக் கட்டச் சொல்லுதாங்க. பாவம்லா?"

நான் குரலைத் தாழ்த்தினேன். "அண்ணாச்சி, வெளிய சொல்லிராதீங்க."

"நான் ஏன் சொல்லுதேன்? நீரு பைய போயிட்டு வாரும்."

ஒரு வருஷம் கழித்துப் போனேன். அலமாரியில் என் ஆய்வு இருந்தது. ஆசையாகக் கடைசித் தாளைப் புரட்டினேன். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முத்திரைகள், ஒன்றுகூடக் கோணாமல்.

என்னையும் பாவம் பார்த்திருக்கிறார்.