ஈறு நிறத்தில் ஒரு பிடி

என் மேசைமேல் ரோஸ் நிறத்தில் ஒரு கட்டி கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். யாருடைய பல் செட்டோ என்று அருவருத்துக் கீழே வைத்துவிடுவார்கள். பாதி சரிதான். பல் செட்டுக்கான பொருளில் செய்ததுதான், ஆனால் அது துப்பாக்கியின் பிடி. என் வலக்கை விரல்கள் ரேகையோடு அதில் பதிந்திருக்கின்றன. செய்தவர் என் மதினி, கணவரின் அக்கா. செகந்திராபாத்தில் ஒரு பல் மருத்துவரிடம் பல் செட்டு செய்யும் வேலையில் இருந்தவர்.

எழுபதுகளில் நான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். இன்று ஏ.எஸ்.ராவ் நகர் என்று கடையும் பஸ்ஸுமாக நெரிகிற பக்கம், அன்று பாதி பாறை. ஊழியர்களுக்கென்று ரைபிள் கிளப் இருந்தது. சும்மா எட்டிப் பார்க்கப் போனவள், குப்புறப் படுத்து ஒரு தோட்டா சுட்டேன், பைத்தியம் பிடித்துக்கொண்டது. வீட்டில் மதினிதான் முதல் எதிரி. "கர்த்தர் கையைக் குடுத்தது வெடி போடவாட்டி?" என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே கேட்பார்.

பொதுத்துறைகளுக்கு இடையிலான போட்டிக்கு ஆள் எடுக்கிற வருடம், தேங்காய் உடைக்கும்போது அரிவாள் நழுவி வலது கட்டைவிரலின் நரம்பை வெட்டிவிட்டது. புண் ஆறியது, விரல் மடங்கவில்லை. கிளப்பில் இருந்தவை பழைய துப்பாக்கிகள். அவற்றில் கை பிடிக்கும் மரக்கட்டை நேராக ஓடும். கட்டைவிரல் மேலே சுற்றி வளைந்தால்தான் பிடி நிற்கும். நல்ல துப்பாக்கிகளில் அந்த இடம் கீழ்நோக்கி வளைந்து கைக்குள் வந்து உட்காரும். எங்களுக்கு ஏது அந்தக் கொடுப்பினை? கிளப் செயலர் தன்மையான மனிதர், பழைய ஹைதராபாத்காரர். இந்த வருடம் நக்கோ மேடம், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மதினி வீட்டில் போய் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

மதினி காபியைக் கையில் கொடுத்தார். "அழுதா விரல் மடங்குமா? அந்தக் கட்டைய எடுத்துட்டு வா, பாப்போம்" என்றார்.

துப்பாக்கியை வெளியே விடமாட்டார்கள். குழலைக் கழற்றிவிட்டு வெறும் மரக்கட்டையை மட்டும் கொடுக்கச் செயலர் ஒப்புக்கொண்டார். பழைய போர்வையில் சுற்றி, போவன்பள்ளிச் சந்தைக் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே பஸ்ஸில் கொண்டுவந்தேன். மதினி என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, மெழுகில் என் பிடியை அச்சு எடுத்தார். பல் செட்டுக்கான பொடியும் திரவமும் குழைத்து, கட்டையில் வளைவாக ஒரு பிடி கட்டினார். மடங்காத விரலுக்குப் பக்கவாட்டில் நீட்டிப் படுக்க ஒரு மேடை. என் கையை அப்படியே வாங்கிக்கொண்டது. துப்பாக்கி கடிக்குமா என்று கிளப்பே சிரித்தது.

கடித்தது. சித்திரை வெயிலில் தரையில் படுத்துச் சுட்டபோது கை வீங்கியது. அச்சில் பதிந்த பள்ளங்களில் விரல் அடங்கவில்லை. சீக்கிரமே மரத்துப்போய் குறி சிதறியது. அன்று மாலை என் உள்ளங்கைச் சிவப்பைப் பார்த்து மதினி தலையில் அடித்துக்கொண்டார்.

"நாந்தான் மடச்சி. மொதநாள் பொருந்துறது ஒரு பொருத்தமாட்டி? மூணாம்நாள் புண்ணு எங்கன்னு பாத்துல்லா சுரண்டணும்."

முதல் பிடியைப் பெயர்த்தெடுத்தார். அதுதான் என் மேசையில் இருப்பது. அடுத்ததற்கு என்னைக் கூடத்துப் பாயில் குப்புறப் படுக்கச் சொன்னார், அதுவும் ஞாயிறு மத்தியானத்தில், கை வீங்கட்டும் என்று ஒரு வாளித் துணி துவைக்கவைத்த பிறகு. துணிக்குப் போடும் நீலத்தை உள்ளங்கையில் தடவிப் பிடிக்கச் சொல்வார். அழுத்துகிற இடத்தில் நீலம் ஒட்டும், அங்கே சுரண்டுவார். மற்ற நாட்களில் வேலை முடிந்து களைத்து வந்தும், வாரக்கணக்கில் சுரண்டினார். என் துப்பாக்கி ஆசை அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அப்படியும் சுரண்டியதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

அந்தப் பிடியில் ரேகையும் இல்லை, பள்ளமும் இல்லை. வழவழவென்று, கைக்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. தேர்வுச் சுற்றில் சுட்டு முடித்ததும் செயலர் குறித்தாளை வெயிலில் தூக்கிப் பார்த்து "ஹவ்" என்றார், சரி என்று. அணியில் என் இடம் நிலைத்தது. ஓய்வு பெறும்வரை அந்தக் கட்டையில்தான் சுட்டேன்.

மதினிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கொண்டாப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். மூட்டுவலியில் விரல்கள் கோணிப்போய், கைத்தடியைப் பிடிக்க முடியாமல் கட்டிலோடு இருந்தார். போன மாதம் நான் பொடியும் திரவமும் வாங்கிக்கொண்டு போனேன். கைத்தடியில் ஒரு பிடி கட்டி, நான் அவர் கையில் நீலம் தடவியதும் சிரித்துவிட்டார்.

"இறுக்கிராதட்டி, காலைல கை வீங்கும். மூணுநாள் கழிச்சு வா, புண்ணு எங்கன்னு சொல்லுதேன்."

வீட்டுக்கு வந்து மேசையிலிருந்த கட்டியில் என் கையை வைத்துப் பார்த்தேன். எந்த விரலும் அதனதன் இடத்தில் உட்காரவில்லை. என் கைக்கும் வயதாகிவிட்டது.

மூன்றாம் நாள் சுரண்டுகிற கத்தியோடு போய் அழைப்புமணியை அடித்தேன். உள்ளேயிருந்து தடி தட்டும் சத்தம் மெல்ல மெல்ல வந்தது. மதினிதான் வந்து கதவைத் திறந்தார்.