அலர்ட் போகும் எண்

1. கடலூரில் ஒரு மருத்துவமனையின் சர்வர்களை இனிச் சென்னையிலிருந்தே கவனிப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தது.
2. அங்கே அவற்றைப் பார்த்துவந்தவருக்கு வேலை போனது.
3. சர்வருக்குள் நுழைய அவருக்கிருந்த அனுமதியை நீக்கச் சென்னையிலிருந்து நான் போனேன்.

கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். கடைசி முறையாகப் பாஸ்வேர்டு அடிக்கும்போதும், "அந்தப் பக்கம் திரும்பிக்கம்மா" என்றார். அடுத்த நிமிடம் நான் அழிக்கப்போகிற பாஸ்வேர்டு அது. திரும்பிக்கொண்டேன்.

அவர் பெயரை நீக்கியதும் மெதுவாகக் கேட்டார். "சர்வர் நின்னா என் போனுக்கு அலர்ட் வரும். அத மட்டும் எடுத்துடாதம்மா."

"வந்தா என்ன சார் பண்ணுவீங்க? இனிமே உள்ளயே போவ முடியாதே."

"ஒண்ணும் பண்ண மாட்டேன். வரலன்னா நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சிக்குவேன்ல."

அங்கிருந்த மேலாளரைக் கேட்டேன். "இருந்துட்டுப் போவட்டும். அதுக்கும் சம்பளமா கேக்கப் போறாரு?" என்று மேலாளர் அவர் எதிரிலேயே சிரித்தார்.

அந்த மழைக்காலத்தில் சர்வர் பலமுறை நின்றது. எழுந்துபோய்ச் சரிசெய்ய முடியாத ஒருவர் அந்த அலர்ட்டை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. அவருக்கு வேறு வேலை கிடைத்ததாகத் தகவல் இல்லை. சர்வர் நிற்கும்போதெல்லாம் அவர் போனுக்குச் செய்தி போகிறது.