கட்டைவிரல் பள்ளம்

என் அக்கா புருஷனுக்குக் களிமண்ணில் கப் செய்ய வரும். அது ஒன்றுதான் வரும். நாலு பேரிடம் சிரித்துப் பேச வராது, கோபத்தை விழுங்க வராது, செய்த கப்பை விற்கச் சுத்தமாக வராது. ஊரில் எல்லாருக்கும்தான் ஏதாவது ஒன்று வராமல் இருக்கிறது. அதை மூடி மறைத்துக்கொண்டு பிழைக்கிறார்கள். இந்த மனுஷனுக்கு மறைக்கவும் வராது. எனக்கும் அத்தானுக்கும் தீராத சண்டையே அதில்தான்.

முன்பு அவர் தன் அண்ணன் கடையில் வேலை பார்த்தார். குழாய், வாஷ்பேசின், டைல்ஸ் விற்கிற கடை. அண்ணன் நல்லவர்தான், ஆனால் தம்பியை மட்டம் தட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. ஒரு நாள் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "இவன வீட்டுல சும்மா வச்சிருக்க முடியாதேன்னு இங்க உக்கார வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அத்தான் எழுந்து, "செத்தாலும் இனிமே உன்கிட்ட வேலை பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வந்தவர் வேறு வேலை தேடியிருக்கலாம். தேடவில்லை. மண்பாண்டம் செய்யக் கற்றுத்தருகிற ஒரு வகுப்பில் போய்ச் சேர்ந்தார். அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கற்றுக்கொண்டது என்னவோ உண்மை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் சக்கரமும் ஒரு சின்ன மின்சூளையும் வந்தன. துணி உலர்த்த இடமில்லாமல் போயிற்று. ஒரே மாதிரி கப்களைச் செய்வார், பலகையில் வரிசையாக வைப்பார், குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்புகளைப் பார்ப்பார். ஒன்று கொஞ்சம் தூக்கி நின்றாலும் அதைப் பிசைந்து மறுபடி உருண்டையாக்கிவிடுவார். வீட்டில் அவர் மனம் நிறைந்து சிரித்து நான் பார்த்தது அந்தப் பலகைக்கு முன்னால்தான். அக்காவுக்கு அந்தச் சிரிப்பில் பாதிகூடக் கிடைத்ததில்லை.

விற்பதற்கு ஒரே ஒரு இடம் இருந்தது. பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றில் மாதாமாதம் கைவேலைச் சந்தை போடுவார்கள். நான் அங்கே துணிப்பை தைத்து விற்கிறவள். என் மேசைக்குப் பக்கத்து மேசையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அந்தச் சந்தையைப் பற்றி நான் சொல்லக்கூடாது, அங்கே சோறு தின்கிறேன். ஆனாலும் சொல்கிறேன். அங்கே யாரும் பொருள் வாங்க வருவதில்லை. கதை வாங்க வருகிறார்கள். "இந்தப் பையோட ஒவ்வொரு தையல்லயும் என் மனசு இருக்கு" என்று நான் கூசாமல் சொல்வேன். தைக்கிறபோது என் மனசு முழுக்க டிவி சீரியலில் இருந்திருக்கும். வாங்க வந்த அம்மாள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவாள்.

எங்களுக்கு எதிர் மேசை மெழுகுவர்த்திக்காரர். மொத்தக் கடையில் மெழுகை வாங்கி, உருக்கி, அச்சில் ஊற்றி, மேலே ஒரு காய்ந்த பூவைச் செருகுவார். அவ்வளவுதான் கைவேலை. ஆனால் மேசைமேல் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: மெழுகு என்னிடம் பேசும், நான் கேட்பேன். இதற்கெல்லாம் மேலே சந்தையின் பொறுப்பாளர் அம்மா. எதைப் பார்த்தாலும், "ஆஹா, இதுல ஒரு உயிரோட்டம் இருக்கு" என்பார். தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் அதைத்தான் சொல்வாரோ என்னவோ. நாங்கள் அவருக்கு உயிரோட்டம் என்றே பெயர் வைத்திருந்தோம். அத்தானின் மேசைக்கு வந்தால் மட்டும் அந்த அம்மாவுக்கு வாய் வராது. கப்பைக் கையில் எடுப்பார், திருப்புவார், வைத்துவிட்டுப் போவார்.

வாங்க வருகிறவர்களும் அப்படித்தான். "இது மெஷின்ல செஞ்சதா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்ல" என்றார் அத்தான்.

"பின்ன ஏன் இவ்வளவு ஒழுங்கா இருக்கு?"

"ஒழுங்கா செஞ்சேன்."

அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். ம்ஹூம். அந்தப் பெண் இரண்டு மேசை தள்ளிப் போய், கீழே வைத்தால் ஒரு பக்கம் சாய்கிற ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள். அதில் எதை ஊற்றிக் குடிக்கப்போகிறாளோ, அது அவள் பாடு.

கொண்டுபோன பெட்டி அப்படியே திரும்பி வருவதை அக்கா எத்தனை மாதம்தான் பார்ப்பாள்? ஆஸ்பத்திரி ஒன்றின் வரவேற்பில் நாள் முழுக்க நோயாளிகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறவள் அவள். ஒரு நாள் பலகையில் இருந்த ஈரக் கப்பைக் காட்டி, "இதுல ஒரு விரல வச்சு அழுத்தினா என்ன? கப்பு அழுதுடுமா? அவங்களுக்குக் கோணலாத்தானே வேணும், குடுத்துத் தொலைங்களேன்" என்றாள். முடியாவிட்டால் பேசாமல் அண்ணன் கடைக்குப் போய்விடச் சொன்னாள். அதையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

அண்ணன் பெயரைக் கேட்டதும் அத்தான் வழிக்கு வந்தார். ஆனால் எப்படி வந்தார் என்பதைக் கேளுங்கள். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கண்ட இடத்தில் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு அடுத்ததை எடுப்போம். இவர் ஒரு வாரம் பள்ளத்துக்கு இடம் தேடினார். மேலே அழுத்திப் பார்த்தார், கீழே அழுத்திப் பார்த்தார், காலிக் கப்பைப் பிடித்துக் குடிக்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, பிடிக்கும்போது கட்டைவிரல் தானாகப் போய் நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே ஒரு பள்ளம். ஆழமும் அகலமும் எல்லாக் கப்பிலும் ஒன்றே.

விற்றது பாருங்கள், அப்படி விற்றது. பள்ளத்தில் விரலை வைத்ததும் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். "எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொல்லி வாங்கிப் போவார், அடுத்து வருகிறவரும் அதையே சொல்வார். உயிரோட்டம் ஓடி வந்து, "ஆஹா, இப்பத்தான்" என்றார். அக்கா வீட்டில் மறுபடி பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். அத்தான் மட்டும் ஒவ்வொரு கப்பையும் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும்போது பள்ளம் இருக்கிற பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். கிறுக்கு மனுஷன் என்று திட்டிக்கொண்டே நான் சில்லறை எண்ணிக் கொடுத்தேன்.

இது மெழுகுவர்த்திக்காரருக்குப் பொறுக்கவில்லை. அத்தான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, மேசையில் இருந்த கப்களைப் பள்ளம் தெரிகிற மாதிரி வரிசையாகத் திருப்பி வைத்துப் போனில் படம் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அழகுக்கு எடுக்கிறார் என்று நினைத்தேன். படம் உயிரோட்டத்துக்குப் போனது. எல்லாப் பள்ளமும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கின்றன, இது அச்சில் வார்த்த சரக்கு, எங்கிருந்தோ வாங்கி வந்து விற்கிறார் என்று புகார். அச்சில் ஊற்றிப் பிழைக்கிறவர் கொடுத்த புகார் இது!

அச்சு வேலை என்று முடிவானால் சந்தையில் இடம் கிடையாது. இடம் போனால் அத்தானுக்கு அண்ணன் கடையைத் தவிர வேறு போக்கிடமும் கிடையாது. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "தப்பு பண்றதக்கூட இந்த மனுஷன் இவ்வளவு ஒழுங்காவா பண்ணணும்?" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

உயிரோட்டம் ஒரு வழி சொன்னார். அடுத்த சந்தையன்று சக்கரத்தைக் கொண்டுவந்து, மேசையில் இருப்பது மாதிரியே ஒரு கப்பை எல்லார் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். காட்டிவிட்டால் இடம் அவருடையது. இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் உண்டா? சக்கரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது வழியெல்லாம் பாடம் நடத்தினேன்.

"கடைசியில கட்டைவிரல். மறந்துடாதீங்க அத்தான்."

"தெரியும்."

"அவங்க என்ன சொன்னாலும் வாயத் தொறக்கக்கூடாது."

"அதுவும் தெரியும். ரோட்டப் பாத்து ஓட்டு."

கிடங்கின் நடுவில் சக்கரத்தைப் போட்டோம். வியாபாரத்தை விட்டுவிட்டு எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். வாங்க வந்தவர்களும் நின்றார்கள். அத்தான் மண் உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் அறைந்தார். கை நனைத்தார். மண் முதலில் முரண்டு பிடித்தது, பிறகு அடங்கியது. இரண்டு விரல் உள்ளே போனது, சுவர் எழும்பியது. சொல்லத்தான் வேண்டும், அதுவரைக்கும் நானும் நின்று பார்த்தவள் இல்லை. பின்கட்டில் சக்கரச் சத்தம் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுகிற குடும்பம் எங்களுடையது. கிடங்கில் ஒரு சத்தம் இல்லை. மெழுகுவர்த்திக்காரர்கூடப் போனைக் கீழே இறக்கிவிட்டார். முன்னால் நின்ற ஒரு குழந்தை மூச்சை இழுத்து விட்டது எனக்குக் கேட்டது.

விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி வழவழப்பாக்கினார். சக்கரம் நின்றது. கட்டைவிரல் அந்த இடத்துக்கு வந்தது. வந்து, தொடாமல் நின்றது. அழுத்துங்க அத்தான், அழுத்தித் தொலைங்க என்று மனசுக்குள் கத்தினேன். அவர் கையை எடுத்துவிட்டார். கம்பியால் அடியை அறுத்து, கப்பைத் தூக்கிப் பலகையில் வைத்தார். ஒரு பள்ளம் இல்லை, ஒரு கோணல் இல்லை.

"பள்ளம் எங்க?" என்று கேட்டார் உயிரோட்டம்.

"இதுக்கு வேண்டாம்."

"அப்ப மேசையில இருக்கறது?"

"அதுவும் நான் செஞ்சதுதான்."

"ரெண்டும் ஒரே கை செஞ்ச மாதிரி தெரியலயே" என்றார் அந்த அம்மா. மெழுகுவர்த்திக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அத்தான், இப்பவாவது அழுத்துங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த அம்மா அந்தக் காரியத்தைச் செய்தார். ஈரக் கப்பைக் கையில் எடுத்து, மோதிரம் போட்ட விரலால் பக்கவாட்டில் ஒரு அழுத்து அழுத்தினார். விளிம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. அதைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, இப்பத்தான் இதுல உயிரோட்டம் வந்திருக்கு" என்றார். சனம் கை தட்டியது. கொஞ்சம் முன்னால் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த அதே சனம்தான்.

"அது உங்களோடது இப்ப. நீங்களே வச்சுக்கங்க" என்றார் அத்தான். சக்கரத்தை நாங்களே தூக்கிக்கொண்டு வந்தோம். உங்கள் பயணம் தொடரட்டும் என்று அந்த அம்மா வாழ்த்தி அனுப்பினார். இடம் இல்லை என்பதை அந்தக் கூட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

வண்டியில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அக்காவை நினைத்தீர்களா என்றேன், இந்த வயதில் என்ன வீம்பு என்றேன், அண்ணன் முன்னால் போய் எந்த முகத்தோடு நிற்பீர்கள் என்றேன். "ஒரே ஒரு அழுத்து, அத்தான். மாசக்கணக்கா அழுத்தின விரல்தானே? இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு அதுக்கு?"

அவர் நகத்தில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "அழுத்தத்தான் போனேன்" என்றார். "நிமிந்து பாத்தேன். எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. இத்தனை வருஷத்துல நான் செய்யறத நின்னு பாத்தவங்க யாருமில்ல. அவங்க பாக்கும்போது போய் எப்படிக் கெடுக்கறது?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன, பசிக்குதா உனக்கு?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை அண்ணன் கடைக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். அண்ணன் வாசல்வரை வந்து, "வந்துட்டியா? சரி, உள்ள வா" என்றார். அதோடு விடுவார் என்று பார்த்தேன். கடைப் பையன்கள் பக்கம் திரும்பி, "என் தம்பி. இத்தனை வருஷமா சும்மா இருந்தான்" என்றார். அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.