ஒரு பக்கம் மட்டும் கழித்த மெற்றில்டா அக்கா

காலையில் லொறிக்கார நஸீரின் போன் கோல். "டீச்சர்... மெற்றில்டா அக்கா மௌத்தாகிட்டா."

நெஞ்சு வருத்தமாம். அரிப்புக் கிராமத்தில், தன் வீட்டிலேயே உயிர் போயிருக்கிறது...

சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிய காலத்தில் நானும் அக்காவும் அரிப்பில் ஒரே முன்பள்ளியில் வேலை செய்தோம். நான் பட்டம் முடித்து ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தவள். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிள்ளைகள் அவர் மடியைவிட்டு இறங்கமாட்டார்கள்.

திடீரென்று, ஓ.எல் சோதனையில் கணிதம் சித்தியில்லாவிட்டால் முன்பள்ளியில் வேலை இல்லை என்று வந்துவிட்டது. அக்கா முன்பே எழுதிக் கோட்டை விட்டவர். அந்த டிசம்பர்தான் கடைசிச் சான்ஸ்.

மத்தியானம் பிள்ளைகள் போனபிறகு அல்ஜிப்ரா. கூட்டல் குறி, கழித்தல் குறி, அடைப்புக்குறி, எக்ஸ்... எல்லாம் பிடித்துக்கொண்டார். சமன்பாட்டில்தான் இடறும்.

3x + 7 = 25 என்று கொடுத்தால் இடப்பக்கம் ஏழைக் கழிப்பார். வலப்பக்கம் இருபத்தைந்து அப்படியே நிற்கும்.

"மற்றப் பக்கம் அக்கா?"

"அதில ஏன் கழிக்கோணும்? ஏழு இஞ்சதானே நிண்டது."

பிறகுதான் எனக்கு விளங்கியது. அக்காவின் அப்பாவும் வீட்டுக்காரரும் கடலுக்குப் போகிறவர்கள். கரையில் மீன் நிறுக்கும்போது பெட்டிக்கு, ஐஸுக்கு, தண்ணீருக்கு என்று கழிப்பது எப்போதும் மீன் கொண்டுவந்தவரின் பக்கம் மட்டும். வாங்குகிறவரின் பக்கம் ஒன்றும் குறையாது. சின்ன வயதிலிருந்து அக்கா பார்த்த கணக்கு அதுதான்.

சோதனையன்று விடிய அடைமழை. ஆறு தெருவுக்கு மேலால் பாய்ந்தது. பஸ் இல்லை.

சோதனை மன்னாரில், தீவுக்குள். தொடங்கி அரை மணித்தியாலம் கழிந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

நஸீர் பக்கத்து ஊர், சிலாவத்துறை ஆள். கரையில் மீன் வாங்குகிற முதலாளியின் லொறியை ஓட்டுகிறவர். "ஏறுங்கோ, தண்ணி வத்தினாப் போவம்" என்றார். முன்சீற்றில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். தண்ணீர் வற்றுகிற மாதிரி இல்லை...

அக்காவின் கையில் செபமாலை. "ஒரு கணக்குத் தாரும் பிள்ளை, செய்து பாப்பம்."

முன்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. விரலால் எழுதினேன். 5x + 4 = 39.

நாலைக் கழித்தார். ஒரு பக்கம் மட்டும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, இது மீன் நிறுக்கிற கரையில்ல! ரெண்டு பக்கமும் கழியுங்கோ!"

"ஏன் டீச்சர் என்ர முதலாளிய இதுக்குள்ள இழுக்கிறியள்?" என்றார் நஸீர்.

அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அங்க நடுவில சமன் போடேலாது, என்ன?"

"போடேலாது அக்கா."

39ஐ உள்ளங்கையால் அழித்தார். 35 என்று எழுதினார்.

தண்ணீர் வற்றக் காத்திராமல் நஸீர் லொறியை ஸ்டார்ட் பண்ணித் தண்ணீருக்குள் இறக்கினார். கதவடிவரை தண்ணீர். நடுவில் லொறி ஒருக்கால் பக்கவாட்டில் அசைந்தது... "மாதாவே" என்றார் அக்கா. "அல்லாஹ்" என்றார் நஸீர். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். கேற்றில் நின்றவர் நேரத்தைப் பார்த்தார். அக்காவின் நனைந்த சேலையைப் பார்த்தார். "ஓடுங்கோ" என்றார்.

நானும் நஸீரும் வெளியே நின்றோம். லொறியில் ஐஸ் கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் போகவில்லை.

முடிந்து வந்தபோது அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னக்கா?"

"தெரியா பிள்ளை. ஆனா எல்லாத்திலயும் ரெண்டு பக்கமும் கழிச்சனான்."

ரிசல்ட் வந்தது. எஸ், ஆகக்குறைந்த சித்தி. அது போதும்... போன கிழமை வரைக்கும் அந்த முன்பள்ளியில்தான் இருந்தார்.

நாளைக்கு அடக்கம். மன்னாரில் இப்போதும் மழை. "பஸ்ஸப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ டீச்சர், நான் வாறன்" என்று நஸீர் சொல்லியிருக்கிறார்.

முன்சீற்றில் இந்தமுறை இரண்டு பேர்தான்.

போயிட்டு வாங்கோ, அக்கா.