அமெரிக்கத் தேர்தல் வட்டம்

டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊருக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு டேனிஷ்காரரைத் துணையாக விட்டார்கள். அகதிகளுக்கு ஊர் பழக்குவதற்கென்று அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. அவர் வங்கியில் வேலை செய்தார். அப்போது ஆட்சியில் இருந்த கட்சி ஒன்றின் உள்ளூர்க் கிளையிலும் இருந்தார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். என் முதல் குளிர்கோட்டு அவருடைய பழைய கோட்டுத்தான்.

என் மனைவியும் மூன்று வயது மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பித்திருந்தேன். சட்டப்படி அது எனக்குள்ள உரிமை. ஆனாலும் பதில் வரவில்லை. அவரிடம் கேட்டால் தோளில் தட்டிச் சொல்வார்: "இது டென்மார்க். இங்கே சட்டம் என்றால் சட்டம். கொஞ்சம் பொறு."

அவர் நூலகத்தில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினார். அந்த ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். வசந்தத்தில் டென்மார்க்கே, தன் துறைமுகங்களுக்கு வரும் அமெரிக்கக் கப்பல்களில் அணுகுண்டு இருக்கிறதா என்று கேட்கலாமா கூடாதா என்ற சண்டையில் ஒரு தேர்தலை நடத்தி முடித்திருந்தது. அதனால் அமெரிக்காவில் யார் வெல்வார், ஐரோப்பாவில் ஏவுகணைகள் குறையுமா என்பதெல்லாம் அவர்களுக்கு வீட்டுக்கதை மாதிரி. டேனிஷ் பழகலாம் என்று என்னையும் கூட்டிப் போனார். இரண்டு ஆசிரியர்கள், ஒரு தாதி, ஒரு பண்ணைக்காரர். கோப்பி, கேக், மேசையில் விரித்த அமெரிக்க வரைபடம்.

இறைச்சித் தொழிற்சாலையில் வேலை முடிந்து, கைகளை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத மணத்தோடு போய் உட்காருவேன். அவர்கள் என்னிடமும் கேட்பார்கள். நான் தட்டுத்தடுமாறி ஏதாவது சொல்வேன். எல்லாரும் அக்கறையோடு தலையாட்டுவார்கள். என்னையும் ஒரு மனிதனாக மதித்து அபிப்பிராயம் கேட்ட இடம் அந்த ஊரில் அது ஒன்றுதான்.

மனைவியோடு தொலைபேசியில் பேசும்போது அந்த வங்கிக்காரர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்.

"எவ்வளவு காலத்துக்கு இந்த லொட்ஜுக்குள்ள கிடக்கிறது? பேசாமல் ஊருக்குத் திரும்பிப் போகட்டோ?"

"வேண்டாம், பொறும். இஞ்ச ஒரு பெரிய ஆள் சொல்லுறார். கிட்டடியில வந்திடும்."

"போன முறையும் இதைத்தானே சொன்னீங்கள்."

பிறகு கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்கோ. அங்க வேற ஆரும் பொம்பிளை இருக்கிறாளோ?"



நவம்பரில் தேர்தல் முடிந்தது. அந்த வாரம் வட்டத்தில் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லி, சின்னக் கொடி குத்திய கேக் வெட்டினார்கள். புதிய ஜனாதிபதி ஐரோப்பாவைக் கைவிடுவாரா என்று கதை போனது. நான் இடையில் கேட்டேன், என் மனைவி விஷயமாக எல்லாரும் சேர்ந்து பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு எழுத முடியுமா என்று. தாதி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். வங்கிக்காரர்தான் சிரித்துக்கொண்டே, "இப்போது வேண்டாம், காரியம் கெட்டுவிடும்" என்றார். நம்பினேன்.

அடுத்த ஆண்டுதான் பத்திரிகைகளில் விஷயம் வெளிவந்தது. தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை அமைச்சு மட்டத்திலேயே வேண்டுமென்று கிடப்பில் போட்டிருந்தார்கள். அந்த வாரம் தாதி என்னைக் கடைத்தெருவில் கண்டு, தன் சைக்கிளைப் பிடித்தபடி அழுதாள்.

"எங்களுக்குத் தெரியும். அமெரிக்கத் தேர்தலுக்கு முன்பே அவருக்குக் கட்சியில் யாரோ சொல்லியிருந்தார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று எங்களைக் கேட்டுக்கொண்டார்."

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் என்னிடம் அமெரிக்காவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"உன் நம்பிக்கையை உடைக்க மனம் வரவில்லை" என்றார். "அதோடு, அது கட்சிக்குள் பேசிய விஷயம். தாமதம்தானே, மறுக்கவில்லையே."

அவரிடமிருந்து பழகிய டேனிஷில் ஏவுகணைக்குச் சொல் இருந்தது, ஒப்பந்தத்துக்கு இருந்தது, வாக்கெண்ணிக்கைக்கு இருந்தது. அவரைத் திட்ட ஒரு சொல் இருக்கவில்லை. அவர் தந்த கோட்டைக் கழற்றி அவர் வாசற்படியில் வைத்துவிட்டு, குளிரில் நடந்து வந்தேன்.

பிறகு மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மகள் என்னை "மாமா" என்று கூப்பிட்டாள். மனைவி சிரிக்கவில்லை. விஷயத்தை எத்தனையோ தரம் விளக்கினேன். "ஓம், ஓம்" என்பாள். என்னை நம்பவில்லை என்று அந்த "ஓம்" சொல்லும்.

அந்தத் தேர்தலுக்கு நாலு வருடம் கழித்து அமெரிக்காவில் மறுபடியும் ஒரு புதிய ஜனாதிபதி வென்றார். அவர் பதவியேற்ற அதே ஜனவரியில், எங்கள் விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்ட விவகாரத்தால் டேனிஷ் அரசாங்கம் பதவி விலகியது. செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, பள்ளிக்கூட டேனிஷ் பேசும் மகளிடம் திரும்பத் திரும்ப விளக்கம் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்கள் பொய் சொல்லேல்லை."

"இல்லை."

"நான்தான் பிழையா நினைச்சிட்டன்" என்று என் கையைப் பிடித்தாள்.

பிடித்த கையை நான் விடுவிக்கவில்லை. ஆனால் இத்தனை வருடம் நான் சொல்லி நம்பாதவள், தொலைக்காட்சி சொன்னதும் நம்பினாள். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.